கார்டு நலமாகத்தான் இருக்கிறது

ஆவடி
5 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணா,

நலமா? கடல் அமைதியாக இருக்கிறதா? புது சமையல்காரர் இன்னமும் எல்லாக் குழம்பிலும் வெங்காயத்தாளைப் போடுகிறாரா? இங்கே அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. இவருக்கு இந்த வாரம் பகல் ஷிப்ட். குட்டி பவ்யா நலம்.

உன் பழைய கப்பலில் எழுத்து மட்டும்தான் போகும், படம் வைத்தால் மெயில் மாட்டிக்கொண்டு நிற்கும் என்றாய். அதனால் எல்லாவற்றையும் எழுதியே காட்டுகிறேன். நீ எனக்குப் பொருத்திக் கொடுத்த கம்ப்யூட்டர் தகராறு செய்கிறது.

நான் கட்டிவரும் மூன்று மாடிக் கட்டடத்தைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். கம்ப்யூட்டருக்குள் ஓர் ஊர். ஆளுக்கொரு உருவம் எடுத்துக்கொண்டு அதற்குள் நடக்கலாம், பேசலாம், கட்டலாம். சிவில் படிக்கிற பிள்ளைகள் என் கட்டடத்துக்கு வந்தால் தூணுக்குள்ளேயே நுழைந்துபோய், உத்தரத்துக் கம்பி எங்கே வளைகிறது, எங்கே முடிகிறது என்று நின்று பார்க்கலாம். வேலப்பன்சாவடி கல்லூரியில் ஐந்து வருடம் சாக்பீஸால் வரைந்து புரியவைக்க முடியாததை எட்டு மாதத்தில் கட்டியிருக்கிறேன்.

அதற்குத்தான் இப்போது ஆள் வந்திருக்கிறது. இணையத்திலேயே பாடம் நடத்தும் பெங்களூர் பாலிடெக்னிக் ஒன்று. டிசம்பர் 18, காலை பதினொரு மணிக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டவேண்டும். பிடித்திருந்தால் வேலை. அவர்கள் பிள்ளைகளின் லேப் முழுக்க விண்டோஸ் கிடையாது, லினக்ஸ். அதனால் லினக்ஸில்தான் ஓட்டிக் காட்டவேண்டும் என்று கண்டிப்பாக எழுதியிருக்கிறார்கள். பழைய கல்லூரி இரண்டு வருடமாக "பார்க்கலாம் மேடம்" என்றே சொல்லிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். இது போனால் இன்னொன்று வரும் என்று நம்ப எனக்குத் தெம்பு இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள்வரை நன்றாக ஓடியது. பூஜைக்கு இவர் மிக்ஸி, தையல் மிஷின், பைக், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துப் பொட்டு வைத்தார். ஒரு நாள் தொடவில்லை. விஜயதசமி அன்று திறந்தவுடன் அப்டேட் கேட்டது, சரி என்று அழுத்தினேன். அதிலிருந்து வினை. முன்பு நொடிக்கு நாற்பது படம் வரைந்தது, இப்போது ஐந்து. ஒரு அடி எடுத்து வைத்தால் உருவம் அரை நிமிஷம் தொங்குகிறது. சுவரெல்லாம் கறுப்பு. அப்டேட்டில் கிராபிக்ஸ் டிரைவர் கெட்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

என்ன செய்யட்டும், சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
கவிப்பிரியா

*

கப்பலிலிருந்து
10 அக்டோபர் 2025

அன்புத் தங்கை கவிக்கு,

நலம். அங்கே எல்லாரும் நலம்தானே? வெங்காயத்தாள் தொடர்கிறது. நேற்று பாயசத்தில் மட்டும் இல்லை.

பதறாதே. டிரைவர் என்பது படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டுக்கும் லினக்ஸுக்கும் நடுவில் நிற்கிற மொழிபெயர்ப்பாளர். அப்டேட்டில் லினக்ஸ் மாறி அவர் பழைய ஆளாகவே நின்றால் இப்படித்தான் ஆகும். கீழே மூன்று கட்டளைகள் எழுதியிருக்கிறேன். கறுப்பு டெர்மினல் ஜன்னலைத் திறந்து அப்படியே அடித்து, வருவதை எல்லாம் ஒரு வரி விடாமல் ஒட்டி அனுப்பு. எந்த டிரைவர் ஏறியிருக்கிறது, படத்தை எந்தச் சில்லு (சிப்) வரைகிறது, கம்ப்யூட்டர் எழும்போது என்னென்ன சொன்னது எல்லாம் அதில் இருக்கும். எனக்கு அதைப் பார்த்தால் போதும். இங்கே கப்பல் எலக்ட்ரீஷியனாக எட்டாயிரம் வரி அலாரம் பதிவைப் படித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

பாப்பா என்ன பேசுகிறாள்? மாமா சொல்கிறாளா? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்
செல்வகுமார்

*

ஆவடி
12 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் நலம்.

நீ கேட்டது கீழே. நானூற்றுப் பன்னிரண்டு வரி. ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒன்றையும் விடவில்லை. மதியம் பவ்யா தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டருக்கு என்னம்மா, காய்ச்சலா?" என்று கேட்டார். ஆமாம், கப்பல் டாக்டருக்குப் பரிசோதனை முடிவு அனுப்புகிறேன் என்றேன். சிரித்தார். அவர் சிரித்தது ரொம்ப நாளைக்குப் பிறகு என்பதால் எழுதுகிறேன்.

சீக்கிரம் பதில் போடு. இன்னும் அறுபத்தேழு நாள்.

கவி

*

கப்பலிலிருந்து
2 நவம்பர் 2025

அன்புத் தங்கை கவிக்கு,

நலம். தீபாவளி நன்றாக நடந்ததா? பாப்பாவுக்கு வெடிச் சத்தம் பயமா? தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே இணைப்பு சரியில்லை, ஜெனரேட்டர் வேலை வேறு.

நீ அனுப்பியதைப் பார்த்தேன். டிரைவர் பதிப்பு ஒத்துப்போகவில்லை போலிருக்கிறது. இப்போது இருப்பதை முழுக்க எடுத்துவிட்டு, இதற்கு முந்தின எண் உள்ளதைப் போட்டுப் பார். கட்டளைகள் கீழே. கார்டும் பழசுதான், நான் வாங்கும்போதே இரண்டாம் கை. எதற்கும் மனதைத் தயாராக வைத்துக்கொள்.

கவி, ஒன்று சொன்னால் கோபிக்காதே. பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபின் இதையெல்லாம் நிதானமாகச் செய்யலாமே. வேலை எங்கே ஓடிவிடப் போகிறது? பாப்பா பேசுகிறாளா என்று போன தடவையும் கேட்டேன், நீ எழுதவில்லை.

அண்ணன்
செல்வகுமார்

*

ஆவடி
9 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

நலம், நலமறிய ஆவல் என்று சம்பிரதாயமாக எழுதிவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

நீ சொன்னபடி டிரைவரை எடுத்தேன். திரும்ப எழுப்பினால் மேசையும் இல்லை, ஐகானும் இல்லை, மவுஸ் அம்பும் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் என் பெயரைக் கேட்டுவிட்டுக் கோடு ஒன்று சிமிட்டிக்கொண்டே இருந்தது. எட்டு மாத வேலையும் போயிற்று என்று நினைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவர் பயந்துபோய் நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் துலுக்கானத்தைக் கூட்டிவந்தார்.

அவர் வந்து பார்த்தார். "இன்னாக்கா இது, வெறும் எய்த்தா ஓடிகினு கீது?"

"லினக்ஸ்."

"இத்த வுடுக்கா. விண்டோஸ் போட்டுர்றேன். அர அவரு. நீ டீ போட்டுகினு வர்றதுக்குள்ள முட்ஞ்சிரும்."

"உள்ளே இருக்கிறதெல்லாம்?"

"அது பூடும். இன்னா பெருசா வெச்சிகினு கீற, கல்யாண போட்டோவா?"

"மூணு மாடிக் கட்டடம்."

"எங்க?"

"இதுக்குள்ளதான்."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு இவரிடம் திரும்பி, "சார், அக்கா சாப்ட்டாங்களா?" என்றார்.

டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அவரைத் தொடவிடவில்லை. இவர், "நமக்கு எதுக்கு வம்பு கவி, அவர் போட்டுட்டுப் போகட்டும்" என்றார். அத்தை பவ்யாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அண்ணா, அந்த எழுத்துத் திரை சாகவில்லை. காத்துக்கொண்டிருந்தது. என் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் உள்ளே விட்டது. போனில் ஒரு பக்கம் மன்றங்களைத் தேடிப் படித்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். இரண்டு மதியம் ஆயிற்று. மூன்றாம் நாள் நீ சொன்ன பழைய எண் ஏறியது, மேசை வந்தது. என் கட்டடம் அப்படியே இருந்தது. ஒரு செங்கல் நகரவில்லை.

ஆனால் வேகம் அதே ஐந்துதான். அப்படியானால் டிரைவர் எண் காரணம் இல்லை, அல்லவா? வேறு என்ன?

வேலை எங்கே ஓடிவிடப் போகிறது என்று கேட்டாய். ஓடித்தான் போகிறது. ஒரு முறை ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். பிரசவத்துக்கு லீவு போட்டபோது என் இடத்துக்குத் தற்காலிகமாக வந்த பையன் இப்போது அங்கே துறைத்தலைவர்.

முப்பத்தொன்பது நாள்.

கவி

*

ஆவடி
20 நவம்பர் 2025

அண்ணா,

நலமா? பதினொரு நாளாகப் பதில் இல்லை. கப்பல் எங்கே என்று இணையத்தில் தேடிப் பார்த்தேன். மூன்று நாளாகத் துறைமுகத்தில்தான் நிற்கிறது என்று காட்டுகிறது. துறைமுகத்தில் போன்கூட எடுக்குமே.

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டுமாவது எழுது. இருபத்தெட்டு நாள்.

கவி

*

கப்பலிலிருந்து
24 நவம்பர் 2025

கவிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. சரக்கு ஏற்றும் வேலை, மூச்சுவிட நேரம் இல்லை.

லினக்ஸின் கருவான கர்னலையும் பழையதற்கு மாற்றிப் பார். அதற்கும் சரிவரவில்லை என்றால் விட்டுவிடு. மார்ச்சில் இறங்குவேன், நேரில் பார்க்கிறேன். பெங்களூர்க்காரர்களிடம் தேதி தள்ளிவைக்கக் கேள். கேட்டால் தராமலா போவார்கள்?

பாப்பாவைப் பார்த்துக்கொள். அதுதான் முக்கியம்.

செல்வகுமார்

*

ஆவடி
30 நவம்பர் 2025

அண்ணா,

நீ நலம் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

கர்னலை மாற்றவில்லை. மாற்றுவதற்கு முன் அதற்குக் காரணம் என்ன என்று கேட்டுக்கொண்டேன். காரணம் தெரியாமல் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டது நீ சொன்னதால்தானே தவிர, எனக்கு அது பழக்கம் இல்லை. கட்டடத்தில் விரிசல் என்றால் எந்த எடை எங்கே இறங்குகிறது என்று முதலில் பார்ப்பேன். அதனால் அக்டோபரில் உனக்கு அனுப்பிய நானூற்றுப் பன்னிரண்டு வரியையும் அச்செடுத்து, ஒரு நாளைக்கு இருபது வரி என்று உட்கார்ந்தேன். தெரியாத சொல்லைத் தேடி, ஓரத்தில் தமிழில் எழுதிவைத்தேன். பதினோராம் தேதி ஆரம்பித்தது.

நேற்று முந்நூற்று எழுபத்தொன்றாவது வரிக்கு வந்தேன். அங்கே கார்டு ஒழுங்காக எழுந்து, தன் பெயரைச் சொல்லி, டிரைவரை ஏற்றுக்கொண்டு, தன்னிடம் உள்ள சாக்கெட் ஒவ்வொன்றையும் பார்த்துச் சொல்லியிருக்கிறது. முதலாவதில் ஒன்றும் செருகப்படவில்லை. இரண்டாவதில் ஒன்றும் செருகப்படவில்லை. மூன்றாவதிலும் இல்லை. கார்டில் மானிட்டரே மாட்டவில்லை என்றால், இத்தனை நாளாக நான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்? படத்தை வரைவது எந்தச் சில்லு என்ற வரியில் பிராசசருக்கு உள்ளேயே இருக்கும் குட்டிச் சில்லின் பெயர் இருந்தது.

மேசையை இழுத்தேன். கேபினட்டின் பின்னால் எங்கள் கேபிள் நுழையும் ஒரே மாதிரி இரண்டு இடம். மேலே குட்டிச் சில்லோடு சேர்ந்த மதர்போர்டுடையது, கீழே கார்டுடையது. மானிட்டர் கேபிள் மேலே செருகியிருந்தது. கீழே இருந்ததன் வாயில் சந்தனம் காய்ந்து கிடந்தது. ஆயுத பூஜைக்குக் கழற்றித் துடைத்தவர், பொட்டு வைத்த இடத்தை மறைக்க வேண்டாம் என்று பக்கத்தில் மாட்டியிருக்கிறார். படம் தெரிந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பழைய டூத்பிரஷ்ஷால் சந்தனத்தை எடுத்துவிட்டுக் கீழே மாட்டினேன்.

நொடிக்கு நாற்பத்திரண்டு.

இவர் ஷிப்ட் முடிந்து வந்தபோது நான் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஓடிக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"அட! கார்டே செத்துப்போச்சுன்னாரே உங்க அண்ணன்?"

"எப்போ சொன்னான்?"

முகம் மாறியது. "அது... தீபாவளிக்கு முன்னாடி. மெயில் போட்டிருந்தாரு. கார்டு போயிடுச்சு, இனிமே ஒண்ணும் செய்ய முடியாது, கவிகிட்ட சொல்லாதீங்க, மனசு ஒடஞ்சுடும், கொஞ்ச நாள் பாத்துட்டு அவளே விட்டுருவான்னு."

"நீங்களும் நம்பிட்டீங்க."

"அவரு கப்பலே ஓட்டறாரு கவி!"

"அவன் கப்பல் ஓட்டலை. கப்பல்ல பல்பு மாத்தறான்."

மன்னித்துக்கொள், அப்படித்தான் சொன்னேன். இவரை நான் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேபிளை மாற்றி மாட்டியவர் இவர்தான், ஆனால் தெரியாமல் மாட்டினார். நீ தெரிந்தே சும்மா இருந்தாய்.

எட்டாயிரம் வரி அலாரம் பதிவைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு அந்த மூன்று வரி கண்ணில் படவில்லை என்று சொல்லாதே. ஒரே ஒரு வாக்கியம், கவி, கேபிளைப் பார் என்று எழுதியிருந்தால் அக்டோபரிலேயே முடிந்திருக்கும். அதற்குப் பதில் என்னை டிரைவரைக் கழற்றவிட்டாய். கறுப்புத் திரைக்கு முன்னால் நான் தரையில் உட்கார்ந்திருந்ததை எழுதினேனே, அதைப் படித்தபிறகும் கர்னலை மாற்று என்றாய்.

நீ இரண்டு தடவை கேட்டும் நான் எழுதாததை இப்போது எழுதுகிறேன். பவ்யாவுக்கு இரண்டரை வயது. ஒன்பது சொல் பேசுகிறாள். எண்ணி ஒரு நோட்டில் வைத்திருக்கிறேன். மாமா அதில் இல்லை. காது நன்றாகக் கேட்கிறது, சோதித்தாயிற்று. அம்பத்தூரில் பேச்சுப் பயிற்சிக்கு வெள்ளிக்கிழமைதோறும் கூட்டிப்போகிறேன், ஆகஸ்டிலிருந்து. அத்தை என்ன சொல்கிறார் தெரியுமா? "நீ அந்தப் பொட்டிக்குள்ளயே பேசிக்கிட்டிருந்தா, புள்ள யார்கிட்டம்மா பேசும்?" தோசை வார்க்கும்போது இது நினைவுக்கு வந்தால் அடுத்த தோசை கருகுகிறது. அவர் சொல்வது சரியாக இருந்துவிடுமோ என்று எனக்கும் நடுக்கம்தான். பயிற்சி தரும் பெண்ணிடம் நேராகவே கேட்டேன். "நீங்க வேலைக்குப் போறதால எந்தக் குழந்தையும் ஊமையாகறதில்ல மேடம்" என்றாள். அது பாதிதான் சமாதானம் தந்தது. மீதிப் பாதி பயத்தை வைத்துக்கொண்டேதான் வகுப்பு எடுக்கப்போகிறேன்.

உன்னிடமிருந்து எனக்கு இனி கட்டளை வேண்டாம். காரணம் மட்டும் வேண்டும். எழுது.

கவிப்பிரியா

*

கப்பலிலிருந்து
3 டிசம்பர் 2025

அன்புத் தங்கை கவிக்கு,

நலம் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நீ சொன்னது அத்தனையும் உண்மை. உன் அக்டோபர் கடிதம் வந்த அன்றே அந்த மூன்று வரியைப் பார்த்துவிட்டேன். பதில்கூட அடித்துவிட்டேன். "லூசு, கேபிளைப் பார்" என்று. அனுப்புவதற்குள் துறைமுகம் வந்தது, அம்மா போனில் வந்தாள். விருத்தாசலத்திலிருந்து அழுகை. உன் மாமியார் அவளுக்குப் போன் செய்திருக்கிறார். பிள்ளைக்குப் பேச்சே வரவில்லை, இவள் அதைக் கவனிக்காமல் கம்ப்யூட்டரே கதி என்று இருக்கிறாள், நீ அதைச் சரிபண்ணிக் கொடுத்துவிடாதே செல்வா, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்றாள். நீ எதையும் எனக்கு எழுதாததால், அம்மா சொன்னதை அப்படியே நம்பினேன்.

உன்னிடம் வேண்டாம் என்று சொல்ல எங்கள் யாருக்கும் துணிச்சல் இல்லை, கவி. யாரும் சொல்லாமலேயே அது தானாக நின்றுபோனால் உனக்கும் மனத்தாங்கல் இருக்காது, எங்களுக்கும் கெட்ட பெயர் இல்லை என்று கணக்குப் போட்டேன். மாப்பிள்ளைக்குப் பொய் எழுதினேன். நீ இரண்டு மதியம் அந்த எழுத்துத் திரையோடு போராடினாய் என்று படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அதன்பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதாமலேயே இருந்தேன். துறைமுகத்தில் போன் கையில்தான் இருந்தது.

பரிகாரமாக ஒன்று செய்ய விடு. இங்கிருந்தே ஆர்டர் போட்டு நல்ல லேப்டாப் ஒன்று அனுப்புகிறேன். புதுக் கார்டு, விண்டோஸ், எல்லாம் தயாராக இருக்கும். பதினெட்டாம் தேதிக்குள் வந்துவிடும்.

அண்ணன்
செல்வகுமார்

*

ஆவடி
21 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

நலமா? நாங்கள் நலம். தாமதமாக எழுதுகிறேன், இந்தத் தடவை தாமதம் என்னுடையது. பதினெட்டாம் தேதிவரை உனக்கு எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

லேப்டாப் வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே கூரியர் பையனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உனக்குப் பணம் திரும்ப வந்திருக்கும். வீறாப்பு என்று அம்மா சொல்வாள், சொல்லட்டும். என் கார்டு பழசு, ஆனால் அது என்ன சொல்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியும்.

வகுப்பு நடந்தது. இவர் லீவு போட்டுவிட்டு பவ்யாவை அத்தையோடு முன்னறையில் வைத்துக்கொண்டார். பெங்களூரிலிருந்து மூன்று பேர் உருவம் எடுத்துக் கட்டடத்துக்குள் வந்தார்கள். இரண்டு ஆண்கள், தலைவியாக ஒரு அம்மா. தரைத்தளத்தில் நின்று வணக்கம் சொல்லி, முதல் தூணுக்குள் அழைத்துப்போனேன். வளையக் கம்பிகளை எண்ணச் சொன்னேன். ஓரிடத்தில் வேண்டுமென்றே இடைவெளியை அதிகமாக விட்டிருந்தேன். அந்த அம்மா கண்டுபிடித்துவிட்டார், சின்னப் பெண்போலச் சந்தோஷப்பட்டார்.

பதினைந்தாவது நிமிஷம், ஜம்புலிங்கம் என்ற பேராசிரியரின் உருவம் படிக்கட்டில் அப்படியே தொங்கிவிட்டது. "எனக்குச் சுவரெல்லாம் கறுப்பாத் தெரியுது மேடம். நீங்க தொடருங்க, நான் அப்புறம் பார்த்துக்கறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், தொடர முடியாது. நாளைக்கு ஒரு மாணவருக்கு இதே ஆனா அவரையும் படிக்கட்டில் விட்டுட்டுப் போவோமா?" என்றேன். வகுப்பை நிறுத்தினேன்.

முதலில், "சார், கேபிளைப் பாருங்க" என்றேன்.

"என்னுது லேப்டாப் மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு டெர்மினலைத் திறக்கச் சொல்லி, படத்தை எந்தச் சில்லு வரைகிறது என்ற கட்டளையைச் சொன்னேன். அவர் வாசித்தார். அதேதான். பெரிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, குட்டிச் சில்லு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மூடிவிட்டு, இந்த வேலையைப் பெரிய கார்டிடம் கொடு என்ற ஒரு வரியை முன்னால் சேர்த்துத் திறக்கச் சொன்னேன். ஓர் எழுத்து விட்டுவிட்டார், மறுபடி சொன்னேன். நான்கு நிமிஷம். படிக்கட்டில் இருந்தவர் மேலே ஏறிவந்து, "கம்பியெல்லாம் தெரியுது மேடம்" என்றார்.

அதற்குள் பவ்யா கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். தட்டுவது என்ன, உதை. மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. "என் மகள். இரண்டரை வயது" என்றேன், அவ்வளவுதான். சாரி என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. இரண்டாவது ஆள் கடைசியில் கேட்டார். "சின்னக் குழந்தையை வெச்சுக்கிட்டு ரெகுலரா வகுப்பு எடுக்க முடியுமா?"

"உங்களுக்குக் குழந்தை இருக்கா சார்?"

"ரெண்டு."

"நீங்க எப்படி எடுக்கறீங்க?"

தலைவி அம்மா மைக்கை அணைக்காமலே சிரித்தார். போயிற்று, வாயால் கெடுத்துக்கொண்டேன் என்று அன்று முழுக்க மெயிலைத் திறந்து திறந்து பார்த்தேன். நேற்று கடிதம் வந்தது. பிப்ரவரியிலிருந்து செவ்வாயும் வியாழனும், காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை. முதல் பருவம் ஜூன் வரை. வேலை எனக்கு.

அத்தையிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே, "அப்ப புள்ளைய யார் பாத்துக்கறது?" என்றார். நல்ல கேள்வி. அதற்குப் பதிலும் எழுதி வைத்திருக்கிறேன். பிப்ரவரி முழுக்க இவர் ஷிப்ட் மாற்றிக்கொள்கிறார். அதிகாரியிடம் கேட்டாயிற்று. மார்ச்சிலிருந்து நீ.

கோபம் ஆறிவிட்டதா என்று கேட்காதே. ஆறவில்லை. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேன், சின்ன வயதில் போடாத சண்டையா? அந்தச் சண்டையைக்கூட எனக்குக் கொடுக்காமல் ஏமாற்றினாய். லேப்டாப் கொடுத்து அதைத் தீர்க்க முடியாது. நேரம் கொடு.

மார்ச்சில் கப்பலை விட்டு இறங்கியதும் நேராக ஆவடிக்கு வா. விருத்தாசலம் அப்புறம் போகலாம். எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டு முன்னறையில் உனக்குப் படுக்கை. செவ்வாயும் வியாழனும் பத்தேகாலுக்கு பவ்யாவை உன்னிடம் கொடுத்துவிட்டு நான் உள்ளே தாழ் போட்டுக்கொள்வேன். அவளுக்கு உன்னைத் தெரியாது. முதல் வாரம் அழுவாள், கடிப்பாள், உன் கண்ணாடியைப் பிடுங்குவாள். அத்தையைக் கூப்பிடாதே, அவருக்கு முழங்கால் வலி. நீயே பேசு, அவள் பதில் பேசாவிட்டாலும் பேசிக்கொண்டே இரு. கப்பலைப் பற்றிச் சொல், வெங்காயத்தாளைப் பற்றிச் சொல், எதையாவது சொல். வெள்ளிக்கிழமை அம்பத்தூருக்கு நாம் மூவரும் போவோம், அங்கே எப்படிப் பேசவேண்டும் என்று உனக்கும் சொல்லித் தருவார்கள்.

என்ன ஆனாலும் பன்னிரண்டு மணிக்கு முன்னால் கதவைத் தட்டாதே. நான் வகுப்பில் இருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் தலைக்குக் குல்லாய் போடு.

உன் தங்கை
கவிப்பிரியா